மூன்றாவது குரல்

கேழ்வரகு அறுப்பு முடிந்ததும் ஊர்க்கவுண்டரிடம் போய்த் தீர்த்துக்கொள்ளலாம் என்று காளியண்ணன் சொன்னபோது, கண்ணாயி அடுப்பில் சாமைச்சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தாள். கிளறுவதை அவள் நிறுத்தவில்லை. அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் அவளுக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. சொந்தக்காரர் யாரோ இறந்த செய்தியைச் சொல்வதுபோல அவ்வளவு மெதுவாகச் சொன்னான்.

"ஆறு வருசம் ஆச்சு புள்ள. சண்டை போட்டுக்கூடப் பாத்துட்டேன். சண்டைக்கும் ரெண்டு பேர் வேணுமில்ல? நான் ஒண்ணும் ஊமையக் கட்டலியே. நாளெல்லாம் வாய் ஓயாத புள்ளையத்தானே கட்டுனேன்?"

கொல்லிமலையில் புருஷனும் பெண்டாட்டியும் பிரிவதற்குப் பெரிய சடங்கு எதுவும் இல்லை. இரண்டு பேரும் ஊர்க்கவுண்டர் முன்னால் நின்று ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டால் போதும். கண்ணாயிக்கு அந்தத் துரும்பு இப்போதே கண்ணில் தெரிந்தது. போக வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை.

அவன் சொன்னதில் பொய் இல்லை. நல்ல நாளில் கண்ணாயி விடியலில் தொடங்கினால் விளக்கு வைக்கும்வரை பேசுவாள். ஆனால் அவன் எங்காவது போய்த் தாமதமாக வந்தாலோ, அவள் கேட்டதற்குப் பதில் சொல்ல மறந்தாலோ தீர்ந்தது. ஒரு தடவை கேட்பாள். இன்னொரு தடவை கேட்பாள். அதற்குப் பிறகு தொண்டைக்குள் யாரோ மூங்கில் படல் கதவை இழுத்துச் சாத்தியது மாதிரி ஆகிவிடும். ஒரு நாள் இருக்கும், ஒரு வாரம் இருக்கும். போன சித்திரையில் அவன் மிளகு மூட்டையோடு அடிவாரத்துக்கு இறங்கிப்போய், அங்கே காய்ச்சலில் விழுந்து பதினோரு நாள் கழித்து வந்தபோது நாற்பது நாள் இருந்தது. அந்த நாற்பது நாளும் அவனுக்குக் கஷாயம் வைத்தாள், உடம்பு துடைத்துவிட்டாள், அவன் தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். ஒரு சொல் மட்டும் வரவில்லை.

இது தொண்டை வியாதிதான் என்று அவளுக்குத் தோன்றியது. அந்த வருஷம் சோளக்காட்டில் தகரக் கூரை போட்ட ஒரு சின்ன ஆஸ்பத்திரி திறந்திருந்தார்கள். மலைக்காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரை கொடுக்க ஒரு டாக்டரம்மா டோலியில் ஏறி வந்து தங்கியிருந்தாள். பழனாயி என்று பேர். அடிவாரத்துக் குடியானவர் வீட்டுப் பெண். பத்து வயதில் கல்யாணமாகிப் பன்னிரண்டில் தாலியறுத்தவள். ஊர் என்ன பேசினாலும் பேசட்டும் என்று அவளுடைய அப்பா பட்டணத்துக்கு அனுப்பிப் படிக்கவைத்தார். ஐப்பசி மாதத்து ஒரு புதன்கிழமை, மழை விட்ட நேரம் பார்த்துக் கண்ணாயி அங்கே போய் நின்றாள்.

டாக்டரம்மா அவளை வெளிச்சத்தில் உட்காரவைத்து, நாக்கைக் கரண்டியால் அழுத்தித் தொண்டைக்குள் வெகுநேரம் பார்த்தாள்.

"தொண்டையில ஒரு கொறையும் இல்ல கண்ணு. கச்சேரியே வெக்கலாம்."

"அப்பறம் ஏனுங்க அடைச்சுக்குது?"

எப்போது அடைக்கிறது, யார் முன்னால் அடைக்கிறது, எப்போது திறக்கிறது என்றெல்லாம் டாக்டரம்மா கேட்டாள். கேட்டு முடித்து, வாரம் ஒரு புதன்கிழமை வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசச் சொன்னாள்.

"மருந்துங்க?"

"பேசறதுதான் மருந்து."

கண்ணாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பேச்சு வல்லீன்னுதானுங்க உங்ககிட்ட வந்தேன்! கால் இல்லாதவன ஓடிக் காட்டுன்னு சொன்ன கதையா இருக்குது."

டாக்டரம்மாவும் சிரித்தாள். பட்டணத்தில் மனசு பேதலித்தவர்களுக்கான ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷம் வேலை பார்த்ததாகவும், மனசில் வருவதை மறைக்காமல் சொல்லவைத்தே குணப்படுத்தும் வைத்தியத்தை அங்கே ஒரு பெரிய டாக்டரிடம் கற்றதாகவும் சொன்னாள். ஒரே ஒரு நிபந்தனை. அசட்டுத்தனமாக இருந்தாலும் சரி, மரியாதைக் குறைவாக இருந்தாலும் சரி, வந்ததை விழுங்கக் கூடாது.

"எது வந்தாலுமுங்களா?"

"எது வந்தாலும்."

"உங்க ரவிக்கையில எடது கை கோணலா இருக்குதுங்க."

"நானே தெச்சது. அப்பிடித்தான் இருக்கும். மேல சொல்லு."

இப்படித்தான் தொடங்கியது. கண்ணாயி மடி நிறைய அவரைக்காய் கொண்டுவந்து உரித்துக்கொண்டே பேசினாள். மாமியார் இருந்த காலம், பன்றி புகுந்து அழித்த வள்ளிக்கிழங்குக் கொல்லை, காளியண்ணன் சிரித்தால் ஒரு கண் மட்டும் மூடிக்கொள்வது. டாக்டரம்மா அதிகம் பேசுவதில்லை. சுவரைப் பார்த்துப் பேசுவதற்கு இவ்வளவு தூரம் நடப்பானேன் என்று முதல் வாரம் நினைத்தாள். நாலாவது வாரம், புதன்கிழமை எப்போது வரும் என்று விரலை மடக்கிக்கொண்டிருந்தாள்.

ஐந்தாவது புதன்கிழமை எல்லாம் கெட்டது. மனசு பேதலித்தவர்களுக்கான அந்தப் பட்டணத்து ஆஸ்பத்திரிப் பேச்சு கண்ணாயியின் மனசை அரித்துக்கொண்டே இருந்தது. அன்றைக்குப் போனதும், "எனக்குப் பைத்தியமுங்களா டாக்டரம்மா?" என்று கேட்டாள். அதே நேரம் வாசலில் வலிப்பு வந்த ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். டாக்டரம்மா எழுந்து ஓடினாள். குழந்தையின் பல்லுக்கிடையில் துணியைத் திணித்துக்கொண்டிருந்தவளின் முதுகுக்குப் பின்னால் நின்று, கண்ணாயி இன்னொரு தடவை கேட்டாள். பதில் இல்லை. தொண்டையில் படல் விழுந்தது. மடியிலிருந்த அவரைக்காயை அங்கேயே கொட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தாள். அடுத்த புதன்கிழமை போகவில்லை. அதற்கடுத்த வாரம் போனாள். அறுப்புக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. பேசாமல் போய், அவரைக்காயை உரித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருக்கலாம் என்றுதான் போனாள்.

டாக்டரம்மா வெகுநேரம் அவளைப் பேசவைக்க முயற்சி செய்யவே இல்லை. பிறகு சொன்னாள்.

"அன்னைக்கு நீ என்னமோ கேட்டே. காதுல விழுந்துச்சு, மனசுல ஏறல. என் தப்புத்தான் கண்ணு. ஆனா ரெண்டு தடவை கேட்டவ மூணாவது தடவை ஏன் கேக்கல?"

கண்ணாயி தலையை ஆட்டினாள்.

"கேட்டா என்ன ஆயிரும்?"

"கேக்கக் கூடாதுங்க." இரண்டு வாரத்துக்குப் பிறகு அவள் குரல் அவளுக்கே கரகரப்பாகக் கேட்டது.

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லலீங்க. ரெண்டு தடவைக்கு மேல கேட்டா... நான் வேண்டாமுன்னு நெசமாவே தெரிஞ்சு போயிருமுங்க."

சொன்ன பிறகுதான் அது என்ன பேச்சு என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது. டாக்டரம்மா ஒன்றும் சொல்லாமல் காத்திருந்தாள். தகரக் கூரையில் மழை விழ ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தில் கண்ணாயிக்கு ஓர் ஓடை நினைவுக்கு வந்தது.

ஏழு வயது. மலையின் இன்னொரு பகுதியான குண்டனி நாட்டில், பிறந்த வீட்டில், அவளுக்குத் தம்பி பிறந்திருந்தான். கண்ணாயியை வாசலூர்பட்டியில் அத்தை வீட்டில் விட்டிருந்தார்கள். அங்கே அவளுக்குக் காய்ச்சல் வந்தது. அம்மா வேண்டும் என்று ஒருவரிடமும் சொல்லாமல் கிளம்பிக் காட்டுவழியில் நடந்தே வந்துவிட்டாள். வீட்டுக்கு எதிரில் வந்து பார்த்தால் ஓடையில் வெள்ளம். அந்தப் பக்கம் அம்மா தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறாள்.

"'அம்மோவ்'னு கூப்பிட்டேனுங்க. இந்தப் பக்கந்தான் திரும்பினா. பதில் இல்ல. மறுக்காக் கூப்பிட்டேன். உள்ள போயிப் படலைச் சாத்திக்கிட்டா. நான் பாத்தேனுங்க, இந்தக் கண்ணால. அப்பறம் நான் கூப்பிடல. ஒரு பாறைக்கடியில படுத்துக்கிட்டேன். விடிஞ்சு மாடு ஓட்டிக்கிட்டு வந்தவர் என்னைத் தூக்கிக்கிட்டுப் போயி அத்தை ஊட்டுலயே போட்டுட்டாரு. தம்பி பொறந்துட்டான், இனிமே நான் வேண்டாமுன்னு..."

"அம்மாகிட்ட நீ கேக்கவே இல்லியா?"

"இல்லீங்க."

"அது எந்நேரம் கண்ணு?"

"விளக்கு வெக்கற..."

கண்ணாயி பாதியில் நின்றாள்.

அந்த மலையில் விளக்கு வைத்த பிறகு வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் உடனே பதில் சொல்ல மாட்டார்கள். பெற்ற பிள்ளையின் குரலில் கேட்டாலும் சொல்ல மாட்டார்கள். காத்துக் கருப்பு தெரிந்தவர் குரலை எடுத்துக்கொண்டு வரும். ஆனால் அந்தப் பேயால் இரண்டு தடவைதான் கூப்பிட முடியும். மனுஷர் மட்டுமே மூன்றாவது தடவை கூப்பிடுவார். அதனால் படலைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்று மூன்றாவது குரலுக்குக் காத்திருப்பார்கள். வெளியே நிற்பவரும் அது தெரிந்து மூன்று தடவை கூப்பிடுவார். விளக்கு வைக்குமுன் வீட்டுக்குள் போய்விடும் சின்னப் பிள்ளைகளுக்குத்தான் இது தெரிந்திருக்காது.

கண்ணாயிக்குத் தெரியும். போன வாரங்கூடப் பக்கத்துக் கொல்லைப் பாப்பாயி உப்புக் கேட்டு வந்தபோது, படலுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது குரலுக்காக நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து எத்தனை மாலை அப்படி நின்றிருப்பாள்! அந்தப் பழக்கமும் அவள் தலைக்குள்தான் இருந்தது. அந்த ஓடைக்கரையும் அதே தலைக்குள்தான் இருந்தது. இருபது வருஷம் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருந்தும் இரண்டும் ஒருமுறைகூட முகம் பார்த்துக்கொண்டதில்லை.

"டாக்டரம்மா," என்றாள். "எங்கம்மா உள்ள நின்னுக்கிட்டு இருந்திருக்கறா."

உரித்த அவரை மொத்தமும் தரையில் உருண்டு ஓடியது. இரண்டு பேரும் குனிந்து பொறுக்கவில்லை. மனுஷருக்குள் இவ்வளவு பெரிய இடமா என்று கண்ணாயிக்கு மலைப்பாக இருந்தது. சின்ன வயதில் ஆகாச கங்கை விழும் இடத்துக்கு முதன்முதலாகப் போய் அண்ணாந்து பார்த்தபோது கால் தானாகப் பின்னால் போனதே, அது மாதிரி. அந்த மூன்று குரல் வழக்கத்தை அறிந்திருந்த டாக்டரம்மாவின் கண்ணும் நிறைந்திருந்தது.

கிளம்பும்போது டாக்டரம்மா சொன்னாள்: "தெரிஞ்சுதே, இத்தோட சரியாயிரும்னு நெனைச்சுறாத. உனக்குத்தான் சேதி வந்திருக்குது. அந்த ஏழு வயசுப் புள்ளைக்கு இன்னும் போய்ச் சேரல. மறுக்காவும் அடைக்கும். அடைக்கறப்ப, அது அந்தப் புள்ளை பண்ற வேலைன்னு தெரிஞ்சுக்க. அதைத் திட்டாத. பக்கத்துல வெச்சுக்கிட்டே இன்னொரு தடவை பேசு. அதைப் பழகணும். காலொடிஞ்சவன் நடை பழகற மாதிரிதான்."

"எனக்குப் பைத்தியமுங்களா?"

"இல்ல கண்ணு."

மூன்றாம் நாள் கண்ணாயி குண்டனி நாட்டுக்குப் போனாள். அவள் அம்மா பெருமாயி வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன கண்ணு, சொல்லாம கொள்ளாம? ஊட்டுல அவுரு நல்லாருக்கறாரா?"

"அம்மா, தம்பி பொறந்த வருசம், விளக்கு வெக்கற நேரத்துல ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து உன்னை யாராச்சும் கூப்பிட்டாங்களா?"

முறம் நின்றது. "அது உனக்கு யார் சொன்னா?"

"யாரு கூப்பிட்டா?"

"அது காத்துக் கருப்பு, கண்ணு. உன் கொரல்லயே வந்துச்சு. ரெண்டு தடவை. நான் படலுக்குப் பின்னால வாயில முந்தானைய அடைச்சுக்கிட்டு நின்னேன். மூணாவது கொரல் வந்துறாதான்னு கால் மரத்துப் போறவரைக்கும் நின்னேன். வரல. எம் புள்ளை கொரல்ல வந்திருக்குதே, எம் புள்ளைக்கு என்னாச்சோன்னு விடிஞ்சதும் உங்கப்பனை வாசலூர்பட்டிக்கு ஓட்டினேன். நீ அத்தை ஊட்டுல காய்ச்சலோட படுத்திருக்கறேன்னு வந்து சொன்னப்பறந்தான் எனக்கு உசுரு வந்துச்சு."

அத்தை, தன் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுக் குழந்தை ஓடியதை யாரிடமும் சொல்லவில்லை என்பது இப்போது புரிந்தது.

"அம்மா, அது நான்தான்."

பெருமாயி அவளையே பார்த்தாள். புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் முறத்தைப் போட்டுவிட்டுத் தலையில் இரண்டு கையாலும் அடித்துக்கொண்டாள். கண்ணாயி அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் சாமைத் தவிட்டுக்குள்ளேயே உட்கார்ந்து அழுதார்கள்.

கொஞ்ச நேரம் கழித்துப் பெருமாயி மூக்கைச் சிந்திக்கொண்டு, "மாசிக்கு மாசி பெரியண்ணசாமிக்குச் சேவல் அறுக்கறேனே, எதுக்குன்னு நெனைச்சே?" என்றாள். "உன் கொரல எடுத்துக்கிட்டு வந்தது மறுக்கா உன் பக்கம் வந்துறக் கூடாதுன்னுதான்."

"அந்தக் கறியத் தின்னுட்டுத்தானே வருசா வருசம் உம்மேல கோவமா ஊட்டுக்குப் போவேன்!"

"இருவது சேவலுடி! உன்னைத் தொரத்தறதுக்கு இருவது சேவல் அறுத்திருக்கறனேடி, பாவி!"

முதலில் யார் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. சிரித்தும் அழுதும் பெருமாயிக்கு விக்கல் எடுத்துவிட்டது. இருபது வருஷமாகத் தன்னை வேண்டாம் என்று தள்ளியவளாகத் தான் நினைத்திருந்த அந்தக் கிழட்டு முகத்தைக் கண்ணாயி கையில் ஏந்திப் பார்த்தாள். முன்பு பார்த்தே இராத முகமாக இருந்தது.

டாக்டரம்மா சொன்னது சரியாகத்தான் இருந்தது. வீட்டுக்குத் திரும்பியபின் மார்கழி முழுக்கக் கண்ணாயி நடை பழகினாள். சோறு போடட்டுமா என்று இரண்டு தடவை கேட்டு, பதில் வராதபோது வியர்த்துக் கொட்ட மூன்றாவது தடவை கேட்டாள். காளியண்ணன் நிமிர்ந்து பார்த்து, "ம், போடு" என்றான். அவனுக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை. அவளோ ஒரு மலை ஏறி இறங்கிய மாதிரி அடுப்படியில் போய் உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியைப் பற்றி அவனிடம் சொல்ல நினைத்து மூன்று நாள் தள்ளிப்போட்டாள். நாலாம் நாள் அவன் சந்தையிலிருந்து பொழுது சாய்ந்து வந்தான். எங்கே போனீங்க என்று இரண்டு தடவை கேட்டாள். அவன் மாட்டைப் பிடித்துக் கட்டிக்கொண்டிருந்தான். படல் விழுந்துவிட்டது. அந்தத் தடவை எட்டு நாள்.

அதுதான் அவன் மனசை முடித்தது. கேழ்வரகு களத்துக்கு வந்து சேர்ந்த மறுநாள் காலையில் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டான்.

"நீ வர வேண்டாம். மொதல்ல நான் போயி ஊர்க்கவுண்டர்கிட்டச் சொல்லிட்டு வாரேன்."

கண்ணாயி சாணி மெழுகிக்கொண்டிருந்த கையோடு எழுந்தாள்.

"போக வேண்டாமுங்க."

அவன் படியிறங்கினான். அறுத்த தாள் நிற்கும் வயலின் வரப்பில் விறுவிறுவென்று நடந்தான்.

"மாமா! நில்லுங்க!"

அவன் திரும்பவில்லை. கேட்டிருக்கிறது என்பது அவன் தோள் இறுகியதிலிருந்தே தெரிந்தது. கண்ணாயியின் தொண்டை மூடிக்கொண்டது. பட்டப்பகலில் ஓடை இரைந்தது. ஈரப் பாவாடையோடு அந்த ஏழு வயதுக் குழந்தை நின்றது. வாயைத் திறக்காதே, திறந்தால் தெரிந்துபோகும் என்று அவள் கையைப் பிடித்து இழுத்தது. கண்ணாயி அதைத் திட்டவில்லை. சரி சாமி, நீ என் பக்கத்திலேயே நின்னுக்க என்று மனசுக்குள் சொன்னாள்.

பிறகு கத்தினாள். சொல்லாகக்கூட வரவில்லை, மாடு அலறுவது மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது. அடுத்தது சொல்லாக வந்தது. "மாமா!" அதற்கடுத்ததும் வந்தது. வரப்பில் இறங்கி ஓடினாள். "மாமா! நான் பேசறேன் மாமா! எனக்கு நீங்க வேணும்! நில்லுங்க மாமா!" எத்தனையாவது என்ற கணக்கு விட்டுப்போயிற்று. எதிர்ச்சரிவில் களையெடுத்தவர்கள் நிமிர்ந்தார்கள். பாப்பாயி வீட்டு நாய் குரைத்தது. "ஏ காளியண்ணா, காது அவிஞ்சு போச்சா? அந்தப் புள்ள கத்தறது எனக்கே கேக்குது!" என்று பாப்பாயி தன் கொல்லையிலிருந்து சத்தம் போட்டாள்.

காளியண்ணன் நின்றான். அவள் மூச்சு வாங்க, சாணிக் கையோடு அவன் முன்னால் வந்து நின்றாள்.

"ஏன் புள்ள ஊரைக் கூட்டற?"

"நின்னுட்டீங்களே, அதுக்குத்தான்."

"நீ கூப்பிட்டா நிக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் நடந்தேன். நீ ரெண்டு தடவையோட ஓய்ஞ்சுருவேன்னு எனக்குத் தெரியாதா? ஆறு வருசமாப் பாக்கறேன்."

அவள் யாருக்கும் தெரியாது என்று நினைத்ததை இவன் இத்தனை நாள் எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறான். வரப்பிலேயே அவனை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள்: ஓடை, படல், அம்மா, இருபது சேவல், புதன்கிழமைகள். சேவல் வந்த இடத்தில் அவன் சிரிக்கப் பார்த்து அடக்கிக்கொண்டான்.

"இன்னும் அடைக்குமுங்க," என்று அவள் முடித்தாள். "இல்லீன்னு சொல்ல மாட்டேன். ஆனா தொறந்துக்கிட்டு வாரேன். அதுக்கு வழி தெரிஞ்சு போச்சு."

அவன் ஒரு கேழ்வரகுத் தாளைப் பிடுங்கி விரலில் சுற்றினான். ஊர்க்கவுண்டர் வீட்டுக் கூரை மேட்டில் தெரிந்தது. அவன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டான்:

"அந்த டாக்டரம்மா ஆம்பளைங்களுக்கும் இந்த வைத்தியம் பண்ணுமா?"

"ஏனுங்க?"

"சும்மாதான் கேட்டேன்." தாளை இன்னொரு சுற்று சுற்றினான். "ஒருத்தரு எங்கிட்டப் பேசலீன்னா எனக்கு வயிறு சுண்டிப் போகும் புள்ள. சோறு எறங்காது. எங்கயாச்சும் ஓடிப்போயிரலாம்னு வரும். அதுவும் இன்னைக்கு நேத்து வந்ததில்ல. எனக்கு ஒம்போது வயசு இருக்கும், எங்கப்பன்..."

நிறுத்திவிட்டான். கண்ணாயிக்கு ஆயிரம் கேள்வி நாக்கு நுனிக்கு வந்தது. ஒன்றையும் கேட்கவில்லை. சாணி காய்ந்து வெடித்த கையை மடியில் வைத்துக்கொண்டு, ஆறு வருஷம் கூடவே வாழ்ந்த அந்த மனுஷனை முதல்முறையாகப் பார்ப்பவள்போலப் பார்த்துக்கொண்டு, அவன் மறுபடியும் தொடங்கட்டும் என்று காத்திருந்தாள்.